பொறுப்பான பிள்ளையிடம் யாரும் கேட்காத கேள்வி

(குடவாசலில் தொடக்க, உயர்நிலை, மேல்நிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கான பயிற்சிக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மதிய உணவுக்கு முந்தைய கடைசி அமர்வு என்னுடையது. அதனால் நேராகக் கதைக்கு வந்துவிடுகிறேன். இன்று இரண்டு கதைகள் சொல்லப் போகிறேன். ஒன்று இந்த ஊர்க் கதை. மற்றொன்று கடல் தாண்டிய ஒரு பேய்த் தொடரின் கதை. இரண்டும் உடன்பிறப்புகளைப் பற்றியவை. இரண்டும் நம் வகுப்பறையில் மூன்றாவது பெஞ்சில் அமைதியாக உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளையைப் பற்றியவை.

கோணேசுவரர் கோயிலின் தலபுராணத்தைக் குடவாசல்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கருடன் அமுதக் குடத்தோடு வந்த ஊர் இது என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஆனால் கருடன் எதற்காக அந்தக் குடத்தைத் தூக்கிக்கொண்டு பறந்தான் என்று மாணவர்களிடம் கேட்டுப் பாருங்கள். பலர் விழிப்பார்கள். விடை எளிது. அவன் அம்மா பட்ட கடனை அடைக்கத்தான் பறந்தான்.

மகாபாரதத்தின் ஆதிபருவத்தில் இந்தக் கதை வருகிறது. கத்ரு, வினதை என்று அக்கா தங்கை இருவர். இருவருக்கும் கணவர் காசியபர். கத்ரு ஆயிரம் பாம்புப் பிள்ளைகளைக் கேட்டாள். வினதை இரண்டே பிள்ளைகள் போதும், ஆனால் அந்த ஆயிரத்தையும் விஞ்ச வேண்டும் என்றாள். பிள்ளைகள் பிறக்கும் முன்பே ஒப்பீடு தொடங்கிவிட்டது. கத்ருவின் முட்டைகள் முதலில் பொரிந்தன. வினதைக்குப் பொறுக்கவில்லை. தன் முட்டை ஒன்றை அவசரப்பட்டு உடைத்தாள். உள்ளே இருந்த அருணன் மேல்பாதி வளர்ந்து, கீழ்ப்பாதி வளராமல் வெளியே வந்தான். 'பொறாமையால் என்னை இப்படி ஆக்கினாய், நீ யாரோடு போட்டி போட்டாயோ அவளுக்கே அடிமையாவாய்' என்று அம்மாவைச் சபித்தான். இரண்டாவது முட்டையையாவது உடைக்காமல் காத்திரு, அவன் உன்னை மீட்பான் என்றும் சொல்லிவிட்டுப் போனான்.

பிறகு பந்தயம் வந்தது. உச்சைசிரவசு என்ற குதிரையின் வால் வெள்ளையா கறுப்பா என்பதுதான் போட்டி. தோற்பவள் அடிமை. கத்ரு தன் பிள்ளைகளிடம், கறுப்பு மயிராக மாறி வாலில் ஒட்டிக்கொள்ளுங்கள் என்றாள். சில பிள்ளைகள், இது ஏமாற்று, செய்ய மாட்டோம் என்றன. நேர்மையாக நின்ற அந்தப் பிள்ளைகளைப் பெற்ற தாயே நெருப்பில் அழியச் சபித்தாள். வினதை தோற்றாள், அடிமையானாள். அதற்குப் பிறகு பிறந்த கருடன் தன் பெரியம்மாவின் பிள்ளைகளை முதுகில் சுமந்து பறக்க வேண்டியதாயிற்று.

ஒரு குடும்பத்தில் எவையெல்லாம் கெட்டுப்போகலாம் என்று பட்டியல் போட்டால், இந்த ஒரு கதையில் முக்கால்வாசி கிடைக்கும். ஒப்பீடு, அவசரம், பொறாமை, பிள்ளையைத் தவறுக்குத் துணைக்கு அழைப்பது, மறுத்த பிள்ளையைத் தண்டிப்பது, பெரியவர்கள் வைத்த கடனைப் பிறக்காத பிள்ளையின் தலையில் கட்டுவது.

ஆனால் கருடன் ஒரு காரியம் செய்தான். அம்மாவிடம் போய்க் கேட்டான்: நான் ஏன் இவர்கள் சொல்வதையெல்லாம் செய்ய வேண்டும்? அம்மாவும் மறைக்கவில்லை. பந்தயம் வைத்ததையும் ஏமாற்றப்பட்டதையும் சொன்னாள். அடுத்துப் பாம்புகளிடம் போனான். எங்களை விடுவிக்க என்ன வேண்டும் என்று கேட்டான். அமுதம் என்றன. கொண்டுவந்து கொடுத்தான், கணக்கை முடித்தான். அவன் கேள்விக்கு விடை இருந்தது, அவன் சுமைக்கு ஒரு முடிவும் இருந்தது. இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

தீ அணைந்த பிறகும்

இரண்டாவது கதை 'சூப்பர்நேச்சுரல்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர். எரிக் கிரிப்கி என்பவர் உருவாக்கியது. 2005 செப்டம்பரில் தொடங்கி 2020 நவம்பரில் முடிந்தது. 15 பருவங்கள், 327 அத்தியாயங்கள். பேயும் பிசாசும் ரத்தமும் நிறைய உண்டு, சின்னப் பிள்ளைகளுக்கு ஏற்றதில்லை. உங்களில் பலர் பார்த்திருக்க மாட்டீர்கள். பார்க்கச் சொல்லவும் நான் வரவில்லை. கதையை மட்டும் கேளுங்கள்.

வின்செஸ்டர் என்று ஒரு குடும்பம். அப்பா ஜான், அம்மா மேரி. மூத்தவன் டீனுக்கு நான்கு வயது, இளையவன் சாமுக்கு ஆறு மாதம். 1983 நவம்பர் 2 இரவு, ஒரு தீய சக்தியால் வீட்டுக்குள் தீ மூண்டு அம்மா இறந்துபோகிறாள். அப்பா கைக்குழந்தையைத் தூக்கி டீன் கையில் கொடுத்து, தம்பியைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடு, திரும்பிப் பார்க்காதே என்கிறார். பிள்ளை ஓடுகிறான், தம்பி பிழைக்கிறான்.

அந்த இரவில் அது சரியான கட்டளை. வீடு எரியும்போது அப்பா வேறென்ன செய்ய முடியும்? தவறு மறுநாள் தொடங்குகிறது. தீ அணைந்துவிட்டது. ஆனால் குழந்தையை அவன் கையிலிருந்து யாரும் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

அப்பா மனைவியைக் கொன்ற சக்தியைத் தேடி ஊர் ஊராக அலைகிறார். பிள்ளைகளை லாட்ஜ் அறையில் விட்டுவிட்டு நாள்கணக்கில் போய்விடுவார். தம்பிக்குச் சாப்பாடு கொடுப்பது, கதவைப் பூட்டுவது, அம்மா எங்கே என்று கேட்டால் பேச்சை மாற்றுவது எல்லாம் டீனின் வேலை. 'தம்பியைப் பார்த்துக்கொள்' என்பது அந்த வீட்டின் ஒரே விதி.

முதல் பருவத்தில் ஓர் அத்தியாயம். டீனுக்கு ஏறக்குறைய பத்து வயது. அறைக்குள் அடைந்து கிடந்து அலுத்துப்போய், தம்பி தூங்கியதும் வெளியே போய்ச் சற்று நேரம் வீடியோ விளையாட்டு விளையாடுகிறான். திரும்பி வரும்போது ஒரு தீய உருவம் தம்பி மேல் குனிந்திருக்கிறது. நல்லவேளையாக அப்பா வந்து விரட்டிவிடுகிறார். அதற்குப் பிறகு அப்பா என்னைப் பார்த்த பார்வையே மாறிவிட்டது என்று வளர்ந்த டீன் சொல்கிறான். பத்து வயதுப் பிள்ளை கொஞ்ச நேரம் விளையாடப் போனதை ஆயுள் முழுக்கக் குற்றமாகச் சுமக்கிறான். அந்த வயதுப் பிள்ளையிடம் துப்பாக்கியையும் தம்பியையும் ஒப்படைத்துவிட்டு நாள்கணக்கில் போன அப்பாவை யாரும் குற்றவாளியாகப் பார்க்கவில்லை.

சுமந்து வளர்ந்த பிள்ளை பெரியவனாகி என்ன செய்கிறான்? இரண்டாம் பருவத்தின் முடிவில் சாம் கொல்லப்படுகிறான். டீனால் தாங்க முடியவில்லை. தம்பி உயிர்பெற வேண்டும் என்று தன் ஆன்மாவையே பிசாசிடம் விற்கிறான். பதிலாக அவனுக்குக் கிடைப்பது ஓர் ஆண்டு ஆயுள் மட்டும். கேட்கும்போது நமக்குக் கண் கலங்கும், என்ன பாசம் என்போம். ஆனால் மூன்றாம் பருவத்தில் ஒரு கனவில் டீன் தன்னையே எதிரில் பார்க்கிறான். அந்த உருவம் அவனைப் பார்த்து, உனக்கென்று என்ன இருக்கிறது, நீ அப்பாவின் ஏவலாள்தானே என்று ஏளனம் செய்கிறது. அப்போதுதான் அவன் வெடிக்கிறான். குடும்பத்தைக் காக்க முடியாதது அப்பாவின் குறை, அதை என் தலையில் போட்டது நியாயமில்லை, நான் சாக வேண்டியவன் இல்லை என்று கத்துகிறான். விழித்திருக்கும்போது ஒருநாளும் வராத சொற்கள் அவை.

ஒன்பதாம் பருவத்தில் இன்னொரு பக்கம் தெரிகிறது. சாகக் கிடக்கும் சாமைக் காப்பாற்ற, அவன் அறியாமலே அவன் உடலுக்குள் ஒரு தேவதூதன் புகும்படி டீன் ஏமாற்றுகிறான். தம்பி பிழைத்துக்கொள்கிறான். ஆனால் அந்தத் தேவதூதன் சாமின் கைகளாலேயே, அவர்களை நம்பி உடனிருந்த கெவின் என்ற இளைஞனைக் கொன்றுவிடுகிறான். உண்மை தெரிந்ததும் சாம், இதே நிலையில் நீ இருந்தால் நான் இப்படிச் செய்திருக்க மாட்டேன் என்கிறான். டீன் நொறுங்கிப்போகிறான். தம்பிக்குப் பாசமில்லை என்று அவன் நினைக்கிறான். என்னைக் கேட்கவில்லையே என்றுதான் தம்பி சொல்கிறான்.

இதற்காக அந்தப் பாசம் பொய் என்று சொல்லிவிட முடியாது. ஐந்தாம் பருவத்தின் முடிவில் சாத்தான் சாமின் உடலைக் கைப்பற்றியிருக்கிறான். அவர்கள் வாழ்ந்த பழைய காரில், சிறுவயதில் சாம் செருகி வைத்த ஒரு பொம்மைச் சிப்பாய் கண்ணில் படுகிறது. அண்ணனோடு கழித்த நாள்களெல்லாம் நினைவுக்கு வருகின்றன. அந்த நினைவின் பலத்தில் சாம் சாத்தானை வெல்கிறான். பாசம் உண்மையானது, அதற்கு வலிமையும் உண்டு. அதனால்தான் அதனுள் கலந்திருக்கும் சுமையைப் பிரித்துப் பார்ப்பது கடினமாக இருக்கிறது.

சுமை எப்போது நோயாகிறது?

குடும்ப உளவியலில் இதற்குப் பெயர் உண்டு. 1973ல் இவான் பொசோர்மெனி-நாகி, ஜெரால்டின் ஸ்பார்க் இருவரும் 'கண்ணுக்குத் தெரியாத விசுவாசங்கள்' என்று பொருள்படும் ஒரு நூலை எழுதினார்கள். பெற்றோரின் இடத்தில் பிள்ளையை உட்கார வைப்பதைப் பற்றி அதில் விரிவாகப் பேசுகிறார்கள். பெற்றோராக்கப்பட்ட பிள்ளை என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். அவர்களும் அதை எப்போதும் கெடுதல் என்று சொல்லவில்லை. வீட்டு வேலையில் பங்கெடுக்கும் பிள்ளை பொறுப்பும் தன்னம்பிக்கையும் கற்றுக்கொள்கிறது. அந்த வேலை வயதுக்கு ஏற்றதா, பெரியவர்கள் அதை உணர்ந்து மதிக்கிறார்களா, ஒருநாள் அது முடியுமா என்பதே கணக்கு.

பின்னால் வந்தவர்கள் இதை இரண்டாகப் பிரித்தார்கள். ஒன்று கைவேலைச் சுமை. சமைப்பது, தண்ணீர் பிடிப்பது, தம்பியைக் குளிப்பாட்டுவது. மற்றொன்று மனச்சுமை. அப்பா குடித்துவிட்டு வந்தால் அம்மாவைச் சமாதானப்படுத்துவது, அம்மாவின் கண்ணீருக்குக் காது கொடுப்பது, வீட்டுச் சண்டை தம்பி தங்கைக்குத் தெரியாமல் மறைப்பது. கைவேலை கண்ணுக்குத் தெரியும். மனச்சுமை தெரியாது. ஆனால் பிள்ளையை அதிகம் உலுக்குவது இந்த இரண்டாவதுதான்.

நம் பகுதியை நினைத்துப் பாருங்கள். நடவு நாள்களில் அம்மா விடியும் முன் வயலுக்குப் போயாக வேண்டும். அப்பா திருப்பூரிலோ சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருப்பார். மூத்த பெண் தம்பியை எழுப்பி, குளிப்பாட்டி, தலை சீவி, பள்ளிக்குக் கூட்டி வருகிறாள். இதில் குற்றவாளி யாரும் இல்லை. அந்தத் தாய்க்கும் வேறு வழியில்லை. குறுவை நடவு முடிந்ததும் பொறுப்பு அம்மாவிடம் திரும்பிவிட்டால் அந்தப் பெண் எதையும் இழக்கவில்லை, கொஞ்சம் கற்றுக்கொண்டிருக்கிறாள். சம்பா வந்து, அறுவடையும் போய், அடுத்த ஆண்டும் போய், எட்டாம் வகுப்பிலும் அவளே தாயாக இருந்தால், தீ அணைந்த பிறகும் குழந்தையைக் கையிலிருந்து யாரும் வாங்கவில்லை என்று பொருள்.

இந்த வகையில் அரசின் ஒரு திட்டத்தை நாம் வேறு கண்ணோடு பார்க்கலாம். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15ல் மதுரையில் தொடங்கியது. 2023 ஆகஸ்ட் 25ல் நமக்குப் பக்கத்தில் திருக்குவளைப் பள்ளியில் வைத்துத்தான் மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிவாக்கப்பட்டது. அதைச் சத்துணவு, வருகைப் பதிவு என்றெல்லாம் பேசுகிறோம். அம்மா வயலுக்குப் போன வீட்டில் தம்பிக்கு இட்லி வைக்க அடுப்புப் பக்கம் போன ஒன்பது வயது அக்காவின் கையிலிருந்து ஒரு வேலையை அது இறக்கி வைத்திருக்கிறது என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும்.

பள்ளியும் சுமையேற்றுகிறது

இதுவரை வீட்டைப் பற்றிப் பேசினேன். இனி நம்மைப் பற்றி.

ஒன்றாம் வகுப்பில் ஒரு பிள்ளை அழுகிறது. நாம் என்ன செய்வோம்? "அஞ்சாவதுல இவன் அக்கா இருக்கா, கூட்டிட்டு வாங்க." கணக்குப் பாடம் நடக்கும்போது அக்கா எழுந்து வருவாள். தம்பி வீட்டுப்பாடம் எழுதவில்லையா? "உன் தம்பி ஒண்ணுமே எழுதலை, நீ பார்த்துக்கக் கூடாதா?" பெற்றோர் கூட்டத்துக்கு அம்மா வர முடியவில்லையா? அக்காவிடம் சொல்லி அனுப்பிவிடுகிறோம். தம்பி சட்டையில் பொத்தான் இல்லை என்றாலும் அவளுக்குத்தான் திட்டு.

எதிர்ப்பக்கமும் உண்டு. "உங்க அக்கா எவ்வளவு நல்லாப் படிச்சா, நீ ஏன்டா இப்படி?" இந்த ஒரு வரியில் இரண்டு பிள்ளைகளுக்கும் தீங்கு. தம்பிக்கு அக்கா மேல் வெறுப்பு வளரும். அக்காவுக்கு இனி தவறவே கூடாது என்ற பயம் வளரும். வினதை முட்டையை உடைத்தது பக்கத்து முட்டையைப் பார்த்துத்தான்.

அந்த அக்காவை நாம் 'பொறுப்பான பிள்ளை' என்போம். வகுப்புத் தலைவி ஆக்குவோம். நோட்டுகளைத் தூக்கிவரச் சொல்வோம், சின்ன வகுப்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்வோம். அவளும் முகம் சுளிக்காமல் செய்வாள். ஏனென்றால் 'பார்த்துக்கொள்' என்ற சொல்லுக்கு மறுப்புச் சொல்ல அவளுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. குறும்பு செய்கிற பிள்ளையை நாம் தேடிப்போய்ப் பேசுகிறோம். மதிப்பெண் குறைந்த பிள்ளையைக் கூப்பிட்டு விசாரிக்கிறோம். பொறுப்பான பிள்ளையை யாரும் கூப்பிடுவதில்லை.

ஒரு கேள்வி கேட்ட ஆசிரியர்

அந்தத் தொடரின் நான்காம் பருவத்தில் ஆசிரியர்களுக்கென்றே எழுதியது போன்ற ஓர் அத்தியாயம் வருகிறது. சாம் பள்ளி மாணவன். அப்பா அலைகிற ஊரிலெல்லாம் பள்ளி மாறிக்கொண்டே இருப்பவன். வயட் என்ற ஆசிரியர், மறக்க முடியாத ஒரு குடும்ப அனுபவத்தைக் கட்டுரையாக எழுதச் சொல்கிறார். சாம் அப்பாவோடும் அண்ணனோடும் ஓநாய் மனிதனை வேட்டையாடியதை அப்படியே எழுதிவிடுகிறான். ஆசிரியர் அது கற்பனை என்றே நினைக்கிறார். உண்மை அனுபவத்தை அல்லவா எழுதச் சொன்னேன் என்கிறார். ஆனாலும் கோபித்துக்கொள்ளவில்லை. எழுத்து நன்றாக இருக்கிறது என்று பாராட்டுகிறார். பெரியவனாகி என்ன செய்யப் போகிறாய் என்கிறார். குடும்பத் தொழில்தான் என்கிறான் பையன். அதில் உனக்கு விருப்பமா என்று கேட்கிறார். இதுவரை யாருமே என்னிடம் இதைக் கேட்டதில்லை என்கிறான் சாம்.

அவ்வளவுதான் அவர் செய்தது. வீட்டுக்குப் போய் அப்பாவைக் கண்டிக்கவில்லை. குடும்பத்தைத் திருத்தவில்லை. ஒரு கேள்வி கேட்டார், விடைக்குக் காத்திருந்தார். பல ஆண்டுகளுக்குப் பிறகு சாம் அந்தப் பள்ளிக்குத் திரும்பி வந்து அவரைப் பார்த்து நன்றி சொல்கிறான். நான் கல்லூரிக்குப் போனேன் என்கிறான்.

ஆனால் என்னை உறுத்துவது வேறு. அதே பள்ளியில் டீனும் படித்தான். அதே தாழ்வாரங்களில் நடந்தான். அலட்சியமும் வம்புமாகத் திரிந்த பையன் என்றுதான் எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். அவனிடம் எந்த ஆசிரியரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. இளையவனுக்கு ஓர் ஆசிரியர் கிடைத்தார். மூத்தவனுக்கு யாரும் கிடைக்கவில்லை.

யாருமே இல்லை என்று சொல்ல முடியாது. ஏழாம் பருவத்தில் ஒரு சிறு காட்சி உண்டு. குடும்ப நண்பர் பாபியிடம் பிள்ளைகளை விட்டுச் செல்லும் அப்பா, டீனுக்குத் துப்பாக்கிப் பயிற்சி கொடுக்கச் சொல்லியிருக்கிறார். பாபி பந்தை எடுத்துவந்து, வா, விளையாடலாம் என்கிறார். அப்பா சொன்னது வேறாயிற்றே என்று பிள்ளை தயங்குகிறான். பாபி கேட்பதில்லை. ஒரு பிற்பகல் அந்தப் பிள்ளை பிள்ளையாகவே இருக்கிறான். ஆசிரியரால் வாழ்க்கையை மாற்ற முடிகிறதோ இல்லையோ, ஒரு பிற்பகலைக் கொடுக்க முடியும்.

விட்டுப் போனவனும் நின்றவனும்

நமக்குப் பழக்கமான இன்னொரு இடத்துக்கும் போய் வருவோம். பக்கத்துத் தேரழுந்தூரில் பிறந்த கம்பர் கும்பகருணனைப் படைத்த விதம் மேல்நிலை வகுப்பில் பேசத் தகுந்தது. அண்ணன் செய்தது தவறு என்று கும்பகருணன் முகத்துக்கு நேரே சொல்கிறான். சீதையை விட்டுவிடு என்கிறான். இராவணன் சினந்ததும், போருக்குப் போகிறான். சாகத்தான் போகிறோம் என்று தெரிந்தே போகிறான். களத்தில் வீடணன் வந்து, இந்தப் பக்கம் வந்துவிடு என்று அழைக்கிறான். கும்பகருணன் வர மறுக்கிறான். என்னை வளர்த்தவனுக்காக உயிர் கொடுக்கிறேன் என்கிறான்.

மாணவர்கள் இங்கே இரண்டு கட்சியாகப் பிரிவார்கள். பிரியட்டும். அவர்களிடம் ஒன்றைச் சுட்டிக்காட்டுங்கள். தன் வழியைத் தம்பி மேல் கும்பகருணன் திணிக்கவில்லை. நீ துரோகி என்று சொல்லவில்லை. நீ போய் வாழு என்று வாழ்த்தி அனுப்புகிறான். தொடரில் சாம் கல்லூரிக்குப் போகிறேன் என்றபோது அவன் அப்பா, போனால் திரும்பி வராதே என்றார். உடன்பிறப்பு வேறு வழி போனாலும் உறவு அறுந்துவிடாது என்று கும்பகருணன் அறிந்திருந்தான், ஜான் வின்செஸ்டர் அறியவில்லை. நம் வீடுகளிலும் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகிற பிள்ளை, தங்கையை விட்டுவிட்டுப் போகிறோமே என்ற குற்ற உணர்வோடுதான் பேருந்து ஏறுகிறது. போய் வா என்று சொல்ல ஒருவராவது வேண்டும்.

வகுப்பறையில் செய்யக்கூடியவை

கேட்டுவிட்டுப் போய் மறந்துவிடாமல் இருக்கச் சில காரியங்களைச் சொல்கிறேன். எதற்கும் தனியாக நிதி வேண்டாம்.

வருகைப் பதிவேட்டை ஒருமுறை வேறு விதமாகப் பாருங்கள். தம்பிக்குக் காய்ச்சல் வந்த நாளிலெல்லாம் அக்காவும் வரவில்லையா? நடவு, களை, அறுவடை நாள்களில் மட்டும் ஒரு பிள்ளை தாமதமாக வருகிறதா? பிள்ளை வாய் திறக்கும் முன்பே பதிவேடு பேசிவிடும்.

ஒரு பிள்ளையின் வேலைக்காக அதன் உடன்பிறப்பை வகுப்பிலிருந்து எழுப்புவதில்லை என்று பள்ளியில் ஒரு முடிவு எடுங்கள். சின்னப் பிள்ளை அழுதால் சமாதானப்படுத்த நாம் இருக்கிறோம். பெற்றோருக்கான செய்தி பெற்றோருக்கே போகட்டும். பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசினால் இதை வழக்கமாக்கிவிடலாம்.

'என் குடும்பம்' என்று கட்டுரை எழுதச் சொல்லும்போது எழுத்துப்பிழையை மட்டும் திருத்திவிட்டு மூடாதீர்கள். ஒருமுறை உள்ளடக்கத்துக்காகவும் படியுங்கள். அதில் கண்டதை வகுப்பில் உரக்கப் படிக்க வேண்டாம், ஆசிரியர் அறையில் பேச்சுப் பொருளாக்கவும் வேண்டாம். ஒருமுறை வெளியே கசிந்தால் அந்தப் பிள்ளை இனி எழுதாது.

கதை சொல்லும்போது மூன்று கேள்விகளைப் பழக்குங்கள். சுமையை வைத்தது யார்? சுமப்பவரைக் கேட்டார்களா? எப்போது இறக்கி வைக்கலாம்? கருடன் கதைக்கும் இது பொருந்தும், கும்பகருணனுக்கும் பொருந்தும், இரவு எட்டரை மணிக்கு வரும் நாகம் பழிவாங்கும் தொடருக்கும் பொருந்தும். அந்தத் தொடர்களைப் பார்க்காதே என்று சொன்னால் பிள்ளைகள் நமக்குத் தெரியாமல் பார்ப்பார்கள். இந்த மூன்று கேள்விகளைக் கையில் கொடுத்தால், பார்த்துக்கொண்டே யோசிப்பார்கள். கதையில் வரும் யாரோ ஒருவரைப் பற்றிப் பேசுவது பிள்ளைக்கு எளிது. தன் அம்மாவைக் குறை சொல்லாமலே தன் வீட்டைப் பற்றிப் பேசிவிட முடியும்.

பெற்றோரிடம் பேசும்போது குற்றம் சாட்டும் குரல் வேண்டாம். "உங்க பொண்ணு தம்பியை எவ்வளவு நல்லாப் பார்த்துக்கிறா" என்று தொடங்குங்கள். அது உண்மைதானே. பிறகு, "சாயங்காலம் ஒரு மணி நேரம் அவளுக்குன்னு விடுங்கம்மா, விளையாடட்டும்" என்று கேளுங்கள். ஒரு மணி நேரம் என்பதை எந்தத் தாயும் யோசித்துப் பார்ப்பாள். கைக்குழந்தை வீட்டில் இருந்தால் அங்கன்வாடிக்கு அனுப்ப வழி காட்டுங்கள்.

சில வீடுகளில் இது போதாது. அடி, குடி, பாலியல் சீண்டல் என்ற அறிகுறி தெரிந்தால் இது ஓர் ஆசிரியர் தனியாகக் கையாளும் காரியம் இல்லை. குழந்தைகளுக்கான உதவி எண் 1098, நம் துறையின் உதவி எண் 14417. இரண்டும் வகுப்பறைச் சுவரில், பிள்ளைகளின் கண்மட்டத்தில் இருக்க வேண்டும். பாலியல் குற்றம் என்று தெரிந்தால் தெரிவிக்க வேண்டியது 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி நம் கடமை. யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று பிள்ளைக்கு வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். உன்னைக் காப்பாற்ற யாரிடம் சொல்ல வேண்டுமோ அவரிடம் மட்டும் சொல்வேன் என்று சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. நாளைக் காலை வகுப்புக்குப் போனதும் உங்கள் வகுப்பின் பொறுப்பான பிள்ளையை ஒருமுறை பாருங்கள். யாரென்று உங்களுக்கு உடனே தெரியும். நோட்டுகளை அன்று வேறு யாரையாவது தூக்கிவரச் சொல்லுங்கள். இடைவேளையில் அவளைத் தனியே கூப்பிட்டு, உனக்கு என்ன பிடிக்கும் என்று கேளுங்கள். முதல் நாள் அவள், "ஒண்ணும் இல்லை டீச்சர்" என்பாள். தம்பிக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டால் கடகடவென்று சொல்லியிருப்பாள். தனக்கு என்ன பிடிக்கும் என்று யோசிக்க அவளுக்கு நேரம் இருந்ததில்லை. அடுத்த வாரமும் கேளுங்கள். மூன்றாவது வாரம் சொல்வாள்.

 சாப்பாடு தயாராகியிருக்கும்.